ஒற்றை மாணவியின் வருகைப் பதிவு

எங்கள் பல்கலைக்கழகம் சின்னது. எவ்வளவு சின்னது என்றால், காலையில் முதல் மாடியில் ஒரு வாத்தியார் தும்மினால் பதினோரு மணிக்குக் கேன்டீன்காரர் அவரிடம் "இப்ப உடம்பு தேவலையா" என்று விசாரிப்பார். அப்படிப்பட்ட இடத்தில் படிக்க வந்த ஒரு பெண் ஏழு வாரம் காணாமல் போயிருக்கிறாள், ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கண்ணாடிக் கதவில் 'மாணவர் உதவிப் பிரிவு' என்று எழுதியிருக்கும். பிரிவு என்றதும் உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். நான் ஒருத்திதான். ஒரு மேசை, ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. இருபது வருஷத்தில் நாற்காலியை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள், என்னை மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் கொடுக்கும். தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வராதவர்கள் அதில் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் போனில் பிடித்து என்ன ஏது என்று கேட்க வேண்டும். ஒருவன் தன் மாமாவை என்னிடம் மூன்று முறை சாகடித்திருக்கிறான். "அவர் போன வருஷமே போயிட்டாரேப்பா" என்றால், கொஞ்சமும் அசராமல் "அது பெரிய மாமா மேடம்" என்பான். சில பேர் போனை எடுத்ததுமே அழுவார்கள். அழுது முடிக்கும்வரை நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். அப்புறம் எந்தப் படிவம் வேண்டும் என்று பார்ப்பேன். விடுதி மாற்ற ஒன்று, பாடம் மாற்ற ஒன்று, பரீட்சையைத் தள்ளிப்போட ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே 'ஓராண்டு இடைவெளி' என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் சாவு, விபத்து, பெரிய நோய் என்று வந்து ஒரு மாதத்துக்கு மேல் வகுப்புக்கு வர முடியாமல் போனால் அதைக் கேட்கலாம். கொடுத்துவிட்டால், அடுத்த வருஷம் பல்கலைக்கழகம் அவருக்கு அந்த வகுப்பைத் திரும்ப நடத்தியே தீர வேண்டும், ஒரே ஆள்தான் என்றாலும்.

"என் கையை விட்டு ஒரு பிள்ளை கூட நழுவினதில்லை" என்று கேன்டீனில் டீ குடிக்கும்போது பெருமையடிப்பேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

நில அளவை என்று ஒரு பாடப்பிரிவு எங்களிடம் இருந்தது. ஒரு காலத்தில் இருபத்திரண்டு பேர் படித்தார்கள். பிறகு யாரும் சேரவில்லை, மூடிவிடலாம் என்று மேலே முடிவெடுத்துப் புதுச் சேர்க்கையை நிறுத்தினார்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பாடத்துக்கு மாறிக்கொண்டு போனார்கள். அந்த மாறுதல் படிவமும் என் மேசை வழியாகத்தான் போயிற்று. கடைசி வருஷத்துக்கு மிஞ்சியது ஒருத்தி. அவளைத்தான் எல்லோரும் 'கடைசி ஆள்' என்று சொன்னார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள்.

"கடைசி ஆள்னா பரவாயில்லக்கா," என்று ஒரு நாள் என் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். "வரிசையில எனக்கு முன்னாடியும் யாரும் இல்லையே. அதுதான் இடிக்குது."

முப்பத்தெட்டு வயசு அவளுக்கு. புருஷன் பெயின்டர். அவள் பன்னிரண்டு வருஷம் ஒரு தனியார் சர்வேயரிடம் கம்பு பிடிக்கிற வேலை பார்த்தவள். கம்பு என்றால் இரண்டு ஆள் உயரத்தில், சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட அளவுக் கம்பு. முக்காலி மேல் இருக்கிற கருவி வழியாக ஒருவர் பார்ப்பார், எதிரே தூரத்தில் ஒருவர் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷமும் தூரத்தில் நின்றவள் அவள். வெயிலோ சேறோ, கை அசையக் கூடாது, பேச ஆள் இருக்காது. கருவி வழியாகப் பார்த்தவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

"அந்தக் கண்ணாடிக்குள்ள என்னதான் தெரியுதுன்னு ஒரே ஒரு தடவை பார்க்கட்டுமா சார்னு கேட்டேன்கா. 'உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்'னாரு. மறுநாளே உங்க விண்ணப்பப் படிவத்தை வாங்கிட்டேன்." பட்டம் இல்லாமல் அவள் கையெழுத்துச் செல்லாது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

பாடம் எடுத்தவரும் ஒருவர்தான், முப்பத்தொரு வயசு, ஒப்பந்த வேலை. பயிற்சிக்குப் போகும்போது இருக்கிற ஒரே மாணவி கருவியைப் பார்க்க வேண்டுமே, அதனால் அவரே கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றப் பிள்ளைகள் அவருக்குக் 'கம்பு சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் அவர் நிற்பது தெரியும். இவள் இங்கிருந்து கத்துவாள்: "இடது பக்கம் சாயுது சார். அக்குளை இறுக்கிப் பிடிங்க, கம்பு நிக்கும்." அவர் அக்குளை இறுக்குவார். தன்னைவிடச் சின்னவரை இவள் சார் என்பாள், அவர் இவளை அக்கா என்பார். எனக்கு அந்த இரண்டு பேரையும் பிடிக்கும்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். ஐந்து பேருக்குக் குறைவாகப் படிக்கிற வகுப்பு என்றால், உதவிப் பிரிவு வாரம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆள் குறைந்த வகுப்பில் ஒருவர் சோர்ந்துபோனால் தேற்றப் பக்கத்தில் ஆள் இருக்காது என்று யாரோ நல்ல புத்தியோடு எழுதிவைத்த விதி. அறிக்கையில் 'நேரில் பார்த்தேன்' என்று ஒரு கட்டம், அதில் டிக் போட வேண்டும். அந்த வகுப்பு பின்கட்டடத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் முழங்கால் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டது. நூலக நடையிலிருந்து பார்த்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் அந்த வகுப்பின் ஜன்னல் தெரியும். கரும்பலகையும் எழுதுகிற கம்பு சாரும் தெரிவார்கள். அவள் உட்காரும் பெஞ்சைத் தூண் மறைத்துக்கொள்ளும். சார் பெஞ்சைப் பார்த்துப் பேசுகிறார் என்றால் பெஞ்சில் ஆள் இருக்கிறாள் என்றுதானே அர்த்தம். டிக் போட்டேன். ஏழு வெள்ளிக்கிழமை போட்டேன்.

பரீட்சை முடிவு வந்த அன்று நல்ல மழை. அவள் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேப்பர் போச்சுக்கா. ரோட்டு வளைவுக் கணக்கும் களப் பயிற்சியும்."

"அதுக்கென்ன, அடுத்த தடவை..." என்று ஆரம்பித்த நான் நிறுத்திக்கொண்டேன். அடுத்த தடவை கிடையாது. அவளோடு அந்தப் பாடப்பிரிவு முடிகிறது.

"ஏம்மா, நல்லாத்தானே படிச்சிட்டிருந்தே," என்றேன். கம்ப்யூட்டரில் அவள் பக்கத்தைத் திறந்தேன். "ஒரு நாள் விடாம வந்திருக்கே பாரு. தொண்ணூத்தாறு சதவீதம்."

"யாரு வந்தா?"

"நீதான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் எங்கக்கா வந்தேன்? எங்க வீட்டுக்காரர் சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஏழு வாரம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேனே. அன்னைக்கே சாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். 'நீங்க போய் அவரைப் பாருங்க அக்கா, இங்க நான் பார்த்துக்கிறேன்'னாரு. உங்ககிட்ட சொல்லி ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பாருன்னு இருந்தேன். சொல்லலையா?"

பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தாள். ஓரம் நனைந்திருந்தது. சேர்த்த தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் என்று இவளுடைய கையெழுத்து. நான் அந்தத் தேதிகளைத் திரையில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வருகை', 'வருகை' என்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளுக்கு எதிரே கூடுதலாக என் டிக்.

"நீ போம்மா, நான் விசாரிச்சுச் சொல்றேன்," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் போனதும் மூன்று மாடியும் ஏறினேன். நல்ல வலி. கம்பு சார் வகுப்பில் விடைத்தாள் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?" என்றேன். கோபம் வந்தால் என் வாயிலிருந்து 'சார்' போய்விடும்.

அவர் மழுப்பவில்லை. "எழுபத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ போனா ஹால் டிக்கெட் வராது மேடம். அவங்க படிப்பு போயிடும். ரெண்டு வாரத்துல வந்துடுவாங்கன்னு நினைச்சுப் போட ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. பரீட்சைக்கு முன்னாடி உட்கார்த்தி வச்சு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துடலாம்னு பார்த்தேன். வளைவுக் கணக்கையும் களப் பயிற்சியையும் பத்து நாள்ல முடிக்க முடியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே ஒரு படிவம். ஒரு வருஷம் நிறுத்தி வச்சிருக்கலாமே."

"அப்படி நிறுத்திட்டா இந்த வருஷம் வகுப்புல யாருமே இல்ல. யாரும் இல்லைன்னா என் ஒப்பந்தம் அன்னைக்கே முடிஞ்சுடும். அடுத்த வருஷத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்கன்னு என்ன நிச்சயம்?" கொஞ்சம் நிறுத்தினார். "அவங்களுக்காகவும்தான், எனக்காகவும்தான். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்."

"நான் அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தேனே. நீங்க வகுப்பு எடுத்துட்டுத்தானே இருந்தீங்க."

"எடுத்தேன் மேடம்." அவர் கட்டின நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார். "தினமும் ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து, போர்டுல எழுதி, வாய்விட்டுச் சொல்லி, பதினொண்ணரைக்கு அழிச்சுட்டுப் போவேன். வகுப்பு நடந்ததான்னு யாராவது கேட்டா நடந்ததுன்னு சொல்லணும்ல. அதுவாவது உண்மையா இருக்கட்டுமேன்னு. முதல் வாரம் வெட்கமா இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. சில நாள், சந்தேகம் ஏதாவது இருக்கான்னு கூடக் கேட்டிருக்கேன்."

திட்டத்தான் போனேன். காலி பெஞ்சைப் பார்த்துச் சந்தேகம் கேட்கிற மனிதனை என்னவென்று திட்டுவது? மழை ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது, அவர் எழுந்து போய்ச் சாத்தினார். இது வெளியே தெரிந்தால் அவர் வேலை மட்டும் போகாது, பொய்ப் பதிவு போட்டவர் என்று காகிதத்தில் ஏறிவிடும், வேறு எந்தக் கல்லூரியும் வாசல்படி ஏற்றாது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அவள் வரவில்லை என்று நிரூபித்தால் ஓராண்டு இடைவெளி முன்தேதியிட்டுக் கிடைக்கும், மறு வருஷம் படித்துப் பட்டம் வாங்கலாம். நிரூபிக்காவிட்டால் தொண்ணூற்றாறு சதவீதம் வந்தும் தோற்றவள், அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று. நான் மனுவை எழுதினேன், என் ஏழு டிக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதாமல். டீன் அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை வைத்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. படியெல்லாம் ரப்பர் வாசம். முதல் அறையில் ஜன்னலோரம் கட்டில், கட்டிலில் பெயின்டர், பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பிச் சட்டம். அவள் அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் பெயின்ட் கம்பெனிகளின் கலர் அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாவற்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் கணக்குப் போட்டிருந்தாள்.

"வாங்க மேடம். உட்காருங்க. மேல மட்டும் பார்க்காதீங்க," என்றார் பெயின்டர்.

நான் மேலேதான் பார்த்தேன். கூரையில் பெயின்ட் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது.

"ஊர்ல உள்ள வீட்டுக்கெல்லாம் அடிச்சேன். நம்ம வீட்டை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன். இப்ப நாள் பூரா மல்லாந்து இதையே பார்த்துக்கிட்டுக் கிடக்குறேன். தண்டனை மேடம் இது."

"பேசிக்கிட்டே இருப்பாரு. விழுந்ததுல வாய்க்கு மட்டும் அடிபடல," என்று அவள் ரொட்டியும் முட்டையும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணித் தூக்கி உட்கார வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பழகின வேலை மாதிரி இரண்டு பேரும் செய்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை என்ன கேப்பாங்கன்னு சொல்லிடுறேன்," என்றேன். "இந்த ஏழு வாரமும் வகுப்புக்கு வந்தியா இல்லையான்னு கேப்பாங்க. வரலைன்னு சொல்லி இந்தக் காகிதத்தை நீட்டினா போதும்."

"நீட்டினா சாரு?"

நான் டீயைக் குடித்தேன்.

"சொல்லுங்கக்கா, சாருக்கு என்ன ஆகும்?"

"வேலை போயிடும். வேற எங்கயும் கிடைக்கிறதும் கஷ்டம்."

"அப்ப நான் வந்தேன்னே சொல்லிடுறேன்."

"கேட்டீங்களா மேடம்?" என்றார் பெயின்டர். "மூணு நாளா இதேதான். ஏண்டி, அந்த மனுஷன் உனக்குப் போட்டது வருகை இல்ல, ஆப்பு. அவரு பண்ணின தப்புக்கு நீ எதுக்கு அழியணும்?"

"தப்பா? அவரு விழுந்த என்னைத் தாங்கத்தான் பார்த்தாரு."

"விழுந்தது நானு."

"சும்மா இருங்க நீங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எல்லாரும் விட்டுட்டுப் போன பிறகும் எனக்காக வெயில்ல கம்பு பிடிச்சுட்டு நின்ன மனுஷன். நான் பன்னெண்டு வருஷம் பிடிச்சேன், ஒரு ஆளாவது எனக்குப் பதிலா ஒரு நிமிஷம் பிடிச்சானா? அவரை நான் காட்டிக்கொடுத்தா அந்தப் பட்டத்தை எந்த மூஞ்சியோட மாட்டி வைக்கிறது?"

"மாட்ட வேண்டாம், பெட்டியில வை," என்றார் அவர். "இவ சொல்றதை நம்பாதீங்க மேடம். ராத்திரி பூரா தூங்குறதில்ல. கண்ணை மூடிக்கிட்டு வளைவுக் கணக்கைச் சொல்லிட்டுக் கிடக்குறா. இனி நான் சாரத்துல ஏற முடியாது. இவளும் மறுபடி கம்பைத் தூக்கிட்டுப் போனா நாங்க எதுக்குப் பிழைக்கணும்?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிளம்பும்போது படிவரை வந்து, "சார் அவராவே சொல்லிடுவாருக்கா, நல்ல மனுஷன்," என்றாள். சொல்லட்டும் என்று சொல்கிறாளா, சொல்லிவிடுவாரே என்று பயப்படுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் டீன் அம்மா, ஒரு பக்கம் தேர்வு அதிகாரி. எதிரே அவள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளிக் கம்பு சார். கோப்போடு நான் அவளுக்கு நேர் எதிரில். மின்விசிறி ஒன்று கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் வெளுத்த சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள்.

டீன் அம்மா கெட்டவர் இல்லை. காகிதத்தை நம்புகிறவர். "மனுவுல கணவர் விபத்துன்னு எழுதியிருக்கு. வருத்தமா இருக்கு. ஆனா வருகைப் பதிவு தொண்ணூத்தாறு சதவீதம். அதுவாவது ஆசிரியர் போட்டது. இங்க உதவிப் பிரிவும் ஏழு வாரமும் நேரில் பார்த்தேன்னு குறிச்சிருக்காங்க. ரெண்டு பேர் ரெண்டு இடத்துல இருந்து ஒரே மாதிரி சொல்றப்ப நான் என்ன பண்ண?" கம்பு சார் பக்கம் திரும்பினார். "சார், உங்க பதிவு சரிதானா?"

அவர் மேசையைப் பார்த்தார். சொல்லப்பா, சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். அவர் கட்டைவிரல் நகத்தால் மேசை விளிம்பைக் கீறிக்கொண்டிருந்தார். அவர் பயந்துவிட்டார். பயப்படுவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"சரி, நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் டீன் அம்மா அவளிடம். "இந்தத் தேதிகள்ல நீங்க வகுப்புல இருந்தீங்களா, இல்லையா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடி டம்ளரை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவள் 'இருந்தேன்' என்று சொல்லப்போகிறாள், பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து வருஷத்தை ஒரு வார்த்தையில் கொட்டிக் கவிழ்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்துவிட்டேன்.

"மேடம், அந்த ஏழு டிக்கும் பொய்," என்றேன். "நான் நேர்ல போகல. மாடி ஏற முடியாம நூலகத்துல இருந்து பார்த்துட்டுப் போட்டேன். இவ அங்க இல்ல. சார் காலி வகுப்புல பாடம் எடுத்துட்டிருந்தாரு. ஆஸ்பத்திரிக் காகிதம் இதோ இருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. கம்பு சார் அப்போதும் தலையைத் தூக்கவில்லை. "ஆமா மேடம்," என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு இடைவெளி கிடைத்தது. எனக்கு ஒரு குற்றக் குறிப்பாணை, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. கம்பு சார் வெள்ளிக்கிழமை வந்து வகுப்பறைச் சாவியை என் மேசையில் வைத்தார். "கதவைக் கொஞ்சம் நம்ம பக்கம் இழுத்துட்டுப் பூட்டணும் மேடம், இல்லைன்னா சிக்கிக்கும்," என்றார். ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

மறு வருஷம் ஓய்வு பெற்ற அளவையர் ஒருவரை வாரம் மூன்று நாளைக்கு வரவழைத்தார்கள். கம்பு பிடிக்கத் தோட்டக்காரரை விட்டார்கள். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மாடியும் ஏறினேன், படிக்குப் படி நின்று. ஒற்றை பெஞ்சில் அவள் இருப்பாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றால், "இருக்கேன்" என்பாள், கணக்கிலிருந்து முகத்தை எடுக்காமலே. முன்பெல்லாம் என் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துப் பேசியவள், இப்போது என் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். கோபம் இருக்கும்தானே. அவள் காப்பாற்ற நினைத்த மனிதனை நான் அல்லவா தள்ளிவிட்டேன். வீட்டில் எனக்கென்று பேச ஆள் கிடையாது. சாயங்காலம் ஒரு டம்ளர் டீயைப் போட்டு வைத்துக்கொண்டு, நான் செய்தது சரிதான் என்று சுவரிடம் வாதாடிக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் வாதாடினேன்.

அவள் தேறிவிட்டாள். வளைவுக் கணக்கில் எண்பத்தொன்று. படித்து முடித்துப் போகிறவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும், கடைசியாக என்னிடம். அவள் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். நான் வாழ்த்துச் சொன்னேன், பெயின்டரைப் பற்றிக் கேட்டேன். ஊன்றுகோல் வைத்துக்கொண்டு கீழே டயர் கடைவரை இறங்குகிறாராம். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை எனக்கு.

"இன்னும் என் மேல கோவம் போகலையாம்மா?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை.

"உங்க மேல என்னக்கா கோவம்?" என்றாள். "உங்களைப் பார்க்கக் கூசிச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நேர் எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"அன்னைக்கு நான் 'இல்ல'ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

எடுத்த முத்திரையை நான் மேசையில் வைத்துவிட்டேன்.

"சார் சொல்லுவாருன்னு பார்த்தேன். சொல்லல. அந்தக் கொஞ்ச நேரத்துல என் மனசு மாறிடுச்சுக்கா. போதும்டா சாமி, இனிமே எவனுக்காகவும் தூரத்துல போய் நிக்க முடியாதுன்னு தோணிடுச்சு. இல்லன்னு வாய்க்குள்ள வந்துடுச்சு. அதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க."

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "சத்தியமா தெரியல."

"நேத்து சார் போன் பண்ணாரு. எங்கயோ டைல்ஸ் கடையில நிக்கிறாராம். யாரோ சொல்லி நான் பாஸானது தெரிஞ்சு பண்ணாரு." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "'அன்னைக்கு அவ்வளவு பேர் முன்னாடி என்னைக் காட்டிக்கொடுக்காம இருந்தீங்களே அக்கா, அதை நினைச்சுத்தான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினேன்'னாரு. தேங்க்ஸ் சொல்றாருக்கா. எங்கிட்ட."

"நீ என்ன சொன்னே?"

"இருக்கட்டும் சார்னு சொல்லிட்டேன். ராத்திரி பூரா அதுதான் தொண்டையில நிக்குது. நிஜத்தை அவருகிட்ட சொல்லணுமா அக்கா? இந்த மாதிரிக்கெல்லாம் உங்ககிட்டத்தானே கேட்கணும்."

பத்தொன்பது போய் இருபது வருஷம் ஆகிவிட்டது, எத்தனை பேர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை கேட்டிருப்பார்கள். வேலையும் பேரும் போனவருக்கு எங்கள் இடத்திலிருந்து மிஞ்சியது அந்த ஒரு நினைப்புதான், அதை விட்டுவை, சொல்லாதே என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். போன தடவை அவளுக்காக நான் பேசினதே போதும் என்று தோன்றியது. படிவத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தேதி எழுதி அவள் பக்கம் தள்ளினேன்.

"எனக்குத் தெரியலம்மா. நீதான் சொல்லணும், நீதான் சொல்லாம இருக்கணும்."

அவள் தலையாட்டினாள். படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். பையிலிருந்து போனை எடுத்து, நேற்று வந்த எண்ணைத் தேடினாள். நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடையில் நின்றேன். பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள், நடையில் ஈ காக்கை இல்லை. கண்ணாடி வழியாக அவள் உதடு அசைவது தெரிந்தது. கொஞ்ச நேரம்தான் பேசினாள். அப்புறம் பேசவில்லை, போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. அப்படியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.